இருபது நிமிடமா, மூன்று நாளா?

அம்மாவுக்குக் காலில் புண். ஆறாமல் சீழ் வைத்துவிட்டது. மருத்துவர் பென்சிலின் வகை ஊசி எழுதிக் கொடுத்தார். செவிலியர் முழு ஊசியையும் உடனே போட்டுவிடவில்லை. முன்கையின் உள்பக்கம், தோலுக்குள் ஒரு துளி மருந்தை மட்டும் ஏற்றி, எழும்பிய சிறு புடைப்பைச் சுற்றிப் பேனாவால் வட்டம் போட்டார். "டெஸ்ட் டோஸ் போட்டிருக்கேன்மா. இருபது நிமிஷம் உட்காருங்க. அரிச்சாலோ தடிச்சாலோ கூப்பிடுங்க" என்றார். இருபது நிமிடம் கழித்து வந்து பார்த்தார். தோலில் மாற்றமில்லை. பிறகுதான் முழு ஊசி.

உடன் வந்திருந்த அக்கா மகள் தன் முன்கையை நீட்டிக் காட்டினாள். மருத்துவக் கல்லூரியில் இரண்டாம் ஆண்டு படிக்கிறாள். "எனக்கும் இதே இடத்துலதான் மாமா போட்டாங்க. காசநோய்க்கான மான்டூ டெஸ்ட். இதே மாதிரி வட்டம். ஆனா மூணாம் நாள் வந்து காட்டச் சொன்னாங்க."

அதே முன்கை, அதே தோல், அதே மாதிரி ஊசி. ஒன்றின் விடை 20 நிமிடத்தில் தெரிந்துவிடுகிறது. இன்னொன்றுக்கு 48 முதல் 72 மணி நேரம் காத்திருக்க வேண்டும். ஏன்?

"அம்மாச்சிக்குப் போட்டது டைப் ஒன் பார்க்க. எனக்குப் போட்டது டைப் ஃபோர்" என்றாள், கேட்ட மாத்திரத்தில். அவளுக்குத் தேர்வு நெருங்கிக்கொண்டிருந்தது. அறைச் சுவரில் ஒட்டியிருந்த அட்டவணை முழுவதும் மனப்பாடம். உடலின் நோயெதிர்ப்பு அமைப்பு தேவைக்கு மேல் பொங்கி, காக்க வேண்டிய உடலையே வருத்துவதை மருத்துவர்கள் மிகை உணர்திறன் என்கிறார்கள். அதில் நான்கு வகை. ஆங்கிலப் பெயர்களின் முதலெழுத்துகள் ஏ, சி, ஐ, டி, சேர்த்தால் 'ஆசிட்'. உலகம் முழுக்க மருத்துவ மாணவர்கள் இப்படித்தான் நினைவில் வைக்கிறார்கள்.

"சரிம்மா, டைப் ஃபோர்னா ஏன் மூணு நாள் ஆகுது?"

கொஞ்சம் யோசித்தாள். "அதுக்குப் பேரே டிலேய்ட் தானே மாமா. அதனாலதான் தாமதம்." சொல்லி முடித்ததும் அவளே நிறுத்திக்கொண்டாள். பெயரைத் திருப்பிச் சொன்னால் காரணம் ஆகிவிடாது என்பது அவளுக்குப் புரிந்துவிட்டது.

அடுத்த சில வாரங்கள் நோயெதிர்ப்பியலையும் மருந்தியலையும் இருவரும் சேர்ந்து புரட்டினோம். ஒவ்வொரு வரியிலும் ஒரே கேள்வியைக் கேட்டோம்: இது முன்பே செய்து வைத்ததா, இனிமேல்தான் செய்ய வேண்டியதா? அந்தக் கேள்வி எத்தனை பூட்டுகளைத் திறக்கிறது என்பதைச் சொல்லத்தான் இந்தக் கட்டுரை.

சுவரும் சித்திரமும்

முதலில் பென்சிலினையே எடுத்துக்கொள்வோம். அது ஒரு பொடி மூலக்கூறு. ஹைட்ரஜன் அணுவின் எடையை ஒன்று என்று வைத்தால் பென்சிலினின் எடை சுமார் 334. நம் ரத்தத்தில் மிதக்கும் ஆல்புமின் என்ற புரதத்தின் எடை 66,000க்கு மேல். நோயெதிர்ப்பு அமைப்பு பொதுவாகப் பெரிய மூலக்கூறுகளைத்தான் அடையாளம் கண்டு எதிர்க்கிறது. இவ்வளவு சிறிய பென்சிலின் எப்படி அதன் கண்ணில் படுகிறது?

ரத்த வகைகளைக் கண்டுபிடித்த கார்ல் லாண்ட்ஸ்டைனர்தான் இதற்கும் வழி காட்டினார். சிறிய வேதிப்பொருளை மட்டும் விலங்குகளுக்குச் செலுத்தினால் எதிர்ப்பு உண்டாவதில்லை. அதே பொருளை ஒரு புரதத்தின் மேல் ஒட்டிச் செலுத்தினால் எதிர்ப்பு உண்டாகிறது. அப்படி உண்டான எதிர்ப்பு, ஒட்டப்பட்ட அந்தச் சிறிய பொருளையும் துல்லியமாக இனங்காண்கிறது. இத்தகைய பொருட்களுக்கு 1921இல் அவர் 'ஹாப்டென்' என்று பெயரிட்டார். பற்றிக்கொள்வது என்ற பொருள் தரும் கிரேக்கச் சொல்லிலிருந்து வந்த பெயர் அது. தமிழில் 'ஒட்டுத்தூண்டி' எனலாம். சுவர் இருந்தால்தான் சித்திரம் என்பார்களே, அதுதான் இங்கே நடக்கிறது. புரதம் சுவர், பென்சிலின் அதன் மேல் தீட்டிய சித்திரம். சுவர் கிடைக்காத சித்திரம் யார் கண்ணிலும் படாது.

பென்சிலின் ஏன் ஒட்டுகிறது? டாரத்தி ஹாட்ஜ்கின் 1945இல் எக்ஸ்-கதிர்களின் துணையோடு அதன் வடிவத்தைக் கண்டறிந்தபோது, நடுவே நான்கே அணுக்களால் ஆன ஒரு வளையம் இருப்பது உறுதியானது. வளைத்து இழுத்துக் கட்டிய மூங்கிலைப் போல விறைப்பான வளையம் அது. தொட்டால் தெறித்துத் திறந்து பக்கத்தில் உள்ளதோடு பிணைந்துகொள்ளும். பாக்டீரியா தன் சுவரைக் கட்டப் பயன்படுத்தும் நொதியோடு இப்படிப் பிணைந்துதான் பென்சிலின் அதைச் செயலிழக்க வைக்கிறது. அதே தெறிப்பில் நம் புரதங்களிலும் கொஞ்சம் ஒட்டிக்கொள்கிறது. நோயைத் தீர்க்கும் குணமும் ஒவ்வாமையைக் கிளப்பும் குணமும் ஒரே வளையத்தில் இருப்பதை உணர்ந்த மாணவர், பென்சிலின் ஒரு ஹாப்டென் என்ற வரியை மறக்கவே மாட்டார்.

வாசலில் விழித்திருக்கும் காவல்

20 நிமிடக் கதைக்கு வருவோம். 1901ஆம் ஆண்டு. மொனாக்கோ இளவரசர் முதலாம் ஆல்பெர்ட்டின் கப்பலில் சார்ல் ரிஷே, பால் போர்ட்டியே என்ற இரு பிரெஞ்சு அறிவியலாளர்கள் கடல் உயிரிகளின் நஞ்சை ஆராயத் தொடங்கினார்கள். பிறகு பாரிசில் கடல் அனிமோனின் நஞ்சை நாய்களுக்குச் சிறிய அளவில் கொடுத்துப் பார்த்தார்கள். கொஞ்சம் கொஞ்சமாகக் கொடுத்தால் உடல் பழகிப் பாதுகாப்புப் பெறும் என்பது எதிர்பார்ப்பு. நெப்டியூன் என்ற நாய்க்கு முதல் ஊசியில் பெரிய பாதிப்பில்லை. மூன்று வாரங்களுக்கு மேல் கழித்து அதே சிறிய அளவை மறுபடி கொடுத்தார்கள். சில நொடிகளில் மூச்சுத் திணறியது. 25 நிமிடங்களில் உயிர் போனது. பாதுகாப்புக்கு நேர் எதிரான நிலை என்பதால் இதற்கு அனாஃபிலாக்சிஸ் என்று பெயர் வைத்தார்கள். ரிஷேக்கு 1913இல் நோபல் பரிசு கிடைத்தது.

இதில் கவனிக்க வேண்டியது இரண்டு கால அளவுகள். தயாராவதற்கு வாரங்கள் எடுத்த உடல், தயாரான பின் வெடிப்பதற்கு நொடிகளே எடுத்துக்கொண்டது. அப்படியானால் அந்த வாரங்களில் உடல் எதையோ செய்து, எங்கேயோ பத்திரமாக வைத்திருக்கிறது. எதை? எங்கே?

1921இல் ப்ரெஸ்லாவ் நகரில் கார்ல் ப்ரௌஸ்னிட்ஸ், ஹைன்ஸ் கியூஸ்ட்னர் இருவரும் விடையைத் தங்கள் உடம்பிலேயே தேடினார்கள். கியூஸ்ட்னருக்கு மீன் ஒவ்வாது. ப்ரௌஸ்னிட்ஸுக்கு மீனால் ஒரு தொல்லையும் இல்லை. கியூஸ்ட்னரின் ரத்தத்திலிருந்து அணுக்களை நீக்கிய தெளிநீரை எடுத்து ப்ரௌஸ்னிட்ஸின் தோலுக்குள் செலுத்தினார்கள். மறுநாள் அதே இடத்தில் மீன் சாற்றை ஏற்றியதும் சில நிமிடங்களில் தோல் தடித்துச் சிவந்து அரித்தது. ஒவ்வாமையைத் தாங்கி வரும் ஏதோ ஒன்று ரத்தத் தெளிநீரில் இருக்கிறது, அது தோலில் போய்த் தங்கிக்கொள்கிறது என்பது உறுதியாயிற்று.

அந்த 'ஏதோ ஒன்றை'ப் பிரித்தெடுக்க மேலும் 45 ஆண்டுகள் ஆயின. 1966இல் அமெரிக்காவின் டென்வரில் கிமிஷிகே, தெருகோ இஷிஸாகா தம்பதியர் அதைப் பிரித்துக் காட்டினார்கள். அதே காலத்தில் சுவீடனின் உப்சாலாவில் யொஹான்சன், பென்னிக் இருவரும் அதே பொருளை வேறு வழியில் வந்தடைந்தார்கள். 1968இல் அதற்கு ஐஜிஇ என்ற பெயர் நிலைத்தது. அந்நியப் பொருளை இனங்கண்டு பற்றுவதற்காக உடல் செய்யும் புரதங்களை எதிர்ப்பொருட்கள் என்கிறோம். ஐஜிஇ அவற்றில் ஐந்தாவது வகை. ரத்தத்தில் மிகுதியாக இருக்கும் ஐஜிஜியோடு ஒப்பிட்டால் ஐஜிஇயின் அளவு பத்தாயிரத்தில் ஒரு பங்குகூட இல்லை. அது ரத்தத்தில் அலையாமல் தோலிலும் மூச்சுக்குழாயிலும் குடலிலும் உள்ள மாஸ்ட் செல்களின் மேல் போய் உட்கார்ந்துகொள்வதால்தான் இவ்வளவு காலம் கைக்குச் சிக்கவில்லை.

மாஸ்ட் செல்லுக்குள் என்ன இருக்கிறது? வீட்டுக்குத் திடீரென்று விருந்தாளி வருகிறார் என்று வையுங்கள். டப்பாவில் முறுக்கு இருக்கிறது. உடனே தட்டில் வைக்கலாம். அரைத்த மாவு இருக்கிறது. அடுப்பைப் பற்றவைத்துச் சற்று நேரத்தில் தோசை வார்க்கலாம். இட்லிதான் வேண்டும், மாவு இல்லை என்றால் அரிசி ஊறப்போட்டு, அரைத்து, புளிக்கவைத்து, நாளைக்குத்தான். மாஸ்ட் செல்லிலும் மூன்று பந்திகள் உண்டு. முதல் பந்தி ஹிஸ்டமின். அது ஏற்கெனவே செய்து, சிறு துகள்களில் அடைத்து வைத்தது. ஐஜிஇயை மருந்து வந்து பற்றியதும் நொடிகளில் கொட்டுகிறது. இரண்டாம் பந்தி லூக்கோட்ரையீன் போன்ற கொழுப்புப் பொருட்கள். செல்லின் சவ்வில் மூலப்பொருள் தயார். சில நிமிடங்களில் அதிலிருந்து செய்துகொள்ளலாம். மூன்றாம் பந்தி சைட்டோகைன் என்ற தூதுப் புரதங்கள். மரபணுவைப் படியெடுத்துப் புதிதாகக் கட்ட வேண்டியிருப்பதால் மணிக்கணக்கில் ஆகும். ஒவ்வாமை அடங்கிய பின்னும் நோயாளியைச் சில மணி நேரம் மருத்துவமனையில் இருக்கச் சொல்வதற்கு ஒரு காரணம், அடங்கியது சிலருக்கு மறுபடி கிளம்புவதுதான்.

அம்மாவின் கையில் 20 நிமிடம் பார்த்தது முதல் பந்தியை. ஐஜிஇ ஏந்திய மாஸ்ட் செல்கள் அங்கே காத்திருந்தால் ஹிஸ்டமின் கொட்டி, ரத்தக்குழாய்கள் கசிந்து, தோல் தடித்திருக்கும்.

மூன்றாம் நாள் கூடும் கூட்டம்

மான்டூ சோதனையில் ஏற்றுவது காசநோய்க் கிருமியின் புரதச் சாறு. 1890இல் ராபர்ட் கோக் இதைக் காசநோய்க்கு மருந்தாக அறிவித்தார். மருந்தாக அது தோற்றது. நோய்க் கிருமியை உடல் முன்பே சந்தித்திருக்கிறதா என்று கண்டறியும் சோதனையாக நிலைத்தது.

இங்கே ரத்தத் தெளிநீரை இன்னொரு உடலுக்கு மாற்றினால் என்ன ஆகும்? 1942இல் நியூயார்க்கின் ராக்பெல்லர் ஆய்வு நிறுவனத்தில் லாண்ட்ஸ்டைனரும் மெரில் சேஸும் இதைக் கினிப் பன்றிகளில் சோதித்தார்கள். தோலில் தாமதமாக ஒவ்வாமை தோன்றும் விலங்கின் தெளிநீரை மாற்றினால் ஒன்றும் ஆவதில்லை. அதன் வெள்ளணுக்களை மாற்றினால் அந்தத் தன்மையும் கூடவே மாறுகிறது. சில ஆண்டுகளில் காசநோய்ச் சாற்றுக்கும் அப்படியே என்று சேஸ் காட்டினார். ஆக, 20 நிமிட வினையைத் தெளிநீர் சுமக்கிறது. மூன்று நாள் வினையை அணுக்கள் சுமக்கின்றன. இரண்டு சோதனைகளையும் அருகருகே வைத்தால் அட்டவணையின் முதல் வரியும் கடைசி வரியும் தாமாகவே பிரிந்துவிடுகின்றன.

அந்த அணுக்கள் டி செல்கள். காசநோய்க் கிருமியை நினைவில் வைத்திருக்கும் டி செல்கள் உடல் முழுக்கச் சிலவே. அவையும் ரத்தத்தில் சுற்றிக்கொண்டிருக்கின்றன. ஊசி போட்ட இடத்துக்கு அவற்றில் ஒன்றிரண்டு வந்து சேர வேண்டும், எதிரியை அடையாளம் காண வேண்டும், தூதுப் புரதங்களைச் செய்ய வேண்டும், அவற்றின் அழைப்பில் பெருவிழுங்கு செல்கள் கூட்டமாக வந்திறங்க வேண்டும். வாசலில் நிற்கும் காவலர் மணியடிக்க நொடி போதும். ஊர் ஊராக ஆளனுப்பி உறவைத் திரட்ட நாள் பிடிக்கும்.

இந்த வேறுபாட்டை விரலால் தொட்டே உணரலாம். ஹிஸ்டமினால் வரும் தடிப்பில் நிறைந்திருப்பது நீர். அதனால் மெத்தென்று இருக்கும். சில மணி நேரத்தில் வடிந்துவிடும். மான்டூவில் நிறைந்திருப்பது செல்கள். அதனால் கெட்டியாக இருக்கும், நாட்கணக்கில் நிற்கும். மான்டூவை அளக்கும்போது சிவந்த பரப்பை விட்டுவிட்டுக் கெட்டிப்பட்ட பரப்பை மட்டும் அளக்க வேண்டும் என்பது தேர்வில் அடிக்கடி வரும் கேள்வி. அந்த விதி எங்கிருந்து வந்தது என்று இப்போது தெரிகிறது. கூடியிருக்கும் கூட்டத்தைத்தான் அங்கே அளக்கிறோம்.

எட்டாம் நாள் காய்ச்சல்

நடுவில் உள்ள இரண்டு வகைகளுக்கும் காலம்தான் திறவுகோல். அதை முதலில் கண்டவர் வியன்னாவின் குழந்தை மருத்துவர் கிளெமென்ஸ் ஃபான் பிர்க்கே. தொண்டை அடைப்பான் நோய்க்கு அப்போது குதிரையின் ரத்தத் தெளிநீரைச் செலுத்தினார்கள். அது பல குழந்தைகளைக் காப்பாற்றியது. ஆனால் ஊசி போட்டு எட்டு முதல் பன்னிரண்டு நாட்களில் சிலருக்குக் காய்ச்சல், தடிப்பு, மூட்டு வலி வந்தன. அதே குழந்தைக்கு இன்னொரு முறை ஊசி போட நேர்ந்தால் தொல்லை வெகு சீக்கிரமே வந்தது. பேலா ஷிக்கோடு சேர்ந்து 1905இல் வெளியிட்ட நூலில் அவர் அந்த நாட்களை எண்ணிப் பார்த்து முடிவுக்கு வந்தார்: முதல் முறை ஆகும் தாமதம், உடல் எதிர்ப்பொருளைச் செய்து முடிக்க ஆகும் நேரம். மறுமுறை அது வேகமாகச் செய்யப் பழகியிருக்கிறது. எதிர்ப்பொருளும் குதிரைப் புரதமும் கொத்துக்கொத்தாகப் பிணைந்து மூட்டிலும் ரத்தக்குழாயிலும் படிவதால் வரும் இந்தத் துன்பம்தான் மூன்றாம் வகை. 'அலர்ஜி' என்ற சொல்லை 1906இல் உலகுக்குத் தந்தவரும் இவரே.

குதிரைத் தெளிநீர் பழங்கதை அல்ல. பாம்புக்கடிக்கு இன்றும் நாம் நம்பியிருக்கும் நஞ்சுமுறி மருந்து குதிரையிலிருந்துதான் வருகிறது. மாமல்லபுரம் அருகே வடநெம்மேலியில் 1978இல் தொடங்கப்பட்ட இருளர் பாம்பு பிடிப்போர் தொழிற்கூட்டுறவுச் சங்கம் நாகம், கட்டுவிரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் ஆகியவற்றின் நஞ்சை எடுத்து மருந்து தயாரிப்பாளர்களுக்கு அளிக்கிறது. அந்த மருந்தால் பிழைத்தவருக்கு ஒன்றிரண்டு வாரம் கழித்துக் காய்ச்சலும் மூட்டு வலியும் வந்தால் ஃபான் பிர்க்கேயின் கடிகாரம் அடிக்கிறது என்று மருத்துவர் அறிவார். இதே நஞ்சுமுறிக்கு டெஸ்ட் டோஸ் போட வேண்டாம் என்று உலக சுகாதார நிறுவனமும் இந்திய வழிகாட்டிகளும் சொல்கின்றன. அதனால் வரும் உடனடி எதிர்வினைகளில் பெரும்பாலானவை ஐஜிஇ வழியாக வருபவை அல்ல. வாசலில் காவலே இல்லாதபோது காவலைத் தட்டிப் பார்த்து என்ன தெரிந்துகொள்ள முடியும்? அந்த 20 நிமிடமும் கடிபட்டவருக்கு இழப்புதான்.

இரண்டாம் வகையில் எதிர்ப்பொருள் நேராகச் செல்களையே தாக்குகிறது. பொருந்தாத ரத்தம் ஏற்றினால் நிமிடங்களில் ஆபத்து. ஏ, பி வகைகளுக்கான எதிர்ப்பொருள் நம் ரத்தத்தில் முன்பே இருப்பதுதான் காரணம். ஆர்எச் காரணி அப்படியல்ல. ஆர்எச் நெகட்டிவ் தாய்க்கு முதல் குழந்தை ஆர்எச் பாசிட்டிவாகப் பிறந்தால் பெரும்பாலும் அந்தக் குழந்தைக்குத் தீங்கில்லை. பிரசவத்தில் கலந்த ரத்தத்துக்கு எதிராகத் தாயின் உடல் அதன் பிறகுதான் எதிர்ப்பொருளைச் செய்யத் தொடங்கும். ஆபத்து அடுத்த குழந்தைக்கு. அந்தத் தயாரிப்பு தொடங்கும் முன்பே முந்திக்கொள்ளத்தான் பிரசவமான 72 மணி நேரத்துக்குள் ஆன்டி-டி ஊசி. 72 என்ற எண்ணை அக்கா மகள் அதுவரை தனியாக மனப்பாடம் செய்து வைத்திருந்தாள். ஊசியை ஏன் தள்ளிப்போடக் கூடாது என்பதற்கு இப்போது ஒரு காரணம் கிடைத்தது.

இந்த நால்வகைப் பிரிவை 1963இல் வகுத்தவர்கள் பிலிப் ஜெல், ராபின் கூம்ஸ் என்ற பிரிட்டிஷ் அறிஞர்கள். பென்சிலின் ஒன்றே நான்கையும் உண்டாக்க வல்லது என்பதால் ஆசிரியர்களுக்கு அது நல்ல உதாரணம்.

மருந்துக்கும் கடிகாரம் உண்டு

மருந்தியல் தேர்வில் திரும்பத் திரும்ப வரும் கேள்வி: அனாஃபிலாக்சிஸுக்கு முதல் மருந்து எது? விடைகளில் அட்ரினலின், ஹிஸ்டமின் எதிர்ப்பு மருந்து, ஸ்டீராய்டு மூன்றும் இருக்கும். ஒவ்வாமை என்றதும் நம் ஊரில் எல்லார் நினைவுக்கும் வருவது பின்னிரண்டும்தான். சரியான விடை அட்ரினலின். ஏன் என்பதற்கும் கடிகாரத்தைத்தான் பார்க்க வேண்டும்.

பிரிட்டனில் அனாஃபிலாக்சிஸால் நேர்ந்த மரணங்களை ரிச்சர்ட் பம்ஃப்ரி ஆராய்ந்து 2000ஆம் ஆண்டு வெளியிட்டார். மூச்சோ இதயமோ நின்றுபோக எடுத்த நேரத்தின் இடைநிலை மதிப்பு உணவால் வந்தவர்களுக்கு 30 நிமிடம், பூச்சிக் கடியால் 15 நிமிடம், சிகிச்சையில் கொடுத்த மருந்தால் 5 நிமிடம். இதுதான் நமக்குக் கிடைக்கும் அவகாசம்.

இதற்குள் ஸ்டீராய்டு என்ன செய்யும்? அது செல்லுக்குள் நுழைந்து, உட்கருவை அடைந்து, எந்த மரபணுவைப் படியெடுக்கலாம் என்பதை மாற்றுகிறது. விளைவு தெரிய மணிக்கணக்கில் ஆகும். விருந்தாளி வாசலில் நிற்கும்போது அரிசி ஊறப்போடும் வேலை அது. ஹிஸ்டமின் எதிர்ப்பு மருந்து, செல்லின் மேல் ஹிஸ்டமின் உட்கார வேண்டிய ஏற்பி என்ற இருக்கையில் தான் உட்கார்ந்து இடத்தை மறிக்கிறது. ஏற்பி என்பது வேதித் தூதைப் பெற்றுக்கொள்ளும் புரதம். ஆனால் ஹிஸ்டமின் வந்து குழாய்களைத் திறந்துவிட்ட பிறகு, ரத்த அழுத்தம் சரிந்த பிறகு, இருக்கையை மறித்து என்ன பயன்? அதோடு, இரண்டாம் பந்தியை அது தொடுவதே இல்லை. டானியல் போவே 1937இல் முதல் ஹிஸ்டமின் எதிர்ப்புப் பொருட்களைக் கண்டறிந்தார். ஆனால் பிறகு வந்த அத்தகைய மருந்துகள் ஆஸ்துமாவை அடக்கவில்லை. அப்படியென்றால் மூச்சுக்குழாயை இறுக்கும் வேறொன்று இருக்க வேண்டும். அதுதான் லூக்கோட்ரையீன் என்று பெங்ட் சாமுவெல்சன் 1979இல் அறிவித்தார். இன்று மருந்துக்கடையில் மான்டெலுகாஸ்ட்டும் லெவோசெட்ரிசினும் ஒரே மாத்திரையில் சேர்ந்து வருவதன் பொருள் இதுவே. முன்னது லூக்கோட்ரையீனின் இருக்கையை மறிக்கிறது. பின்னது ஹிஸ்டமினின் இருக்கையை.

அட்ரினலின் யாருடைய இருக்கைக்கும் போட்டியிடுவதில்லை. அதற்கென்று தனி ஏற்பிகள் செல்களின் மேற்பரப்பில் முன்பே தயாராக உள்ளன. ஏறி உட்கார்ந்ததும் வேலை தொடங்கிவிடும். ரேமண்ட் ஆல்குவிஸ்ட் 1948இல் அட்ரினலினையும் அதன் உறவுப் பொருட்களையும் பல உறுப்புகளில் சோதித்தார். எது வலியது, எது மெலியது என்ற வரிசை சில உறுப்புகளில் ஒரு மாதிரியும் மற்றவற்றில் வேறு மாதிரியும் வந்தது. இருவகை ஏற்பிகள் இருந்தால்தான் இது நடக்கும் என்று கண்டு ஆல்ஃபா, பீட்டா எனப் பெயரிட்டார். ஆல்ஃபா வழியாக அட்ரினலின் தளர்ந்த ரத்தக்குழாய்களை இறுக்குகிறது, கசிவை நிறுத்துகிறது. பீட்டா வழியாக இதயத்தை வேகப்படுத்தி, மூச்சுக்குழாயைத் தளர்த்தி, மாஸ்ட் செல் மேலும் கொட்டாமல் தடுக்கிறது. ஹிஸ்டமின் திறந்துவிட்ட மதகுகளை ஒவ்வொன்றாக அடைக்கும் வேலை இது. பாடப்புத்தகத்தில் 'உடலியங்கியல் எதிரி' என்ற ஒற்றைச் சொல்லில் அடங்கியிருப்பது இதுதான்.

ஊசி போடும் இடத்துக்கும் இதே கணக்குதான். எஸ்டெல் சைமன்ஸ் குழுவினர் 1998இல் குழந்தைகளிடம் அளந்து பார்த்தார்கள். தொடைத் தசையில் போட்டால் ரத்தத்தில் அட்ரினலின் உச்சத்தை எட்டச் சராசரியாக 8 நிமிடம். கையில் தோலுக்கடியில் போட்டால் 34 நிமிடம். பம்ஃப்ரியின் எண்களுக்குப் பக்கத்தில் இந்த எண்களை வைத்துப் பாருங்கள். நடுத்தொடையின் வெளிப்புறத் தசையில், பெரியவருக்கு 0.5 மில்லிகிராம் என்ற விதி எத்தனை உயிர்களின் கணக்கு என்பது விளங்கும். பீட்டா ஏற்பியை மறிக்கும் இதய மருந்தை உட்கொள்பவருக்கு அட்ரினலின் சரியாக வேலை செய்யாவிட்டால் குளுக்ககான் கொடுப்பதும் இதே தர்க்கம்தான். அது வேறு ஏற்பி வழியாக உள்ளே போய் அதே வேலையைத் தொடங்கிவைக்கிறது.

அம்மாச்சியின் சீட்டு

அம்மாவுக்கு மூன்று நாள் ஊசி, பிறகு அதே குடும்பத்து மாத்திரை. எட்டாம் நாள் காலையில் முதுகிலும் வயிற்றிலும் சிவப்புச் சிவப்பாகத் தடிப்பு. "டெஸ்ட் டோஸ்ல ஒண்ணும் ஆகலையே ஆத்தா, இது எப்படி வந்துச்சு?" என்று பேத்தியிடம் கேட்டார்.

"டெஸ்ட் டோஸ் இருபது நிமிஷக் கேள்வியைத்தான் கேட்கும் அம்மாச்சி. இது எட்டாம் நாள் வேலை. அதை அந்த ஊசியால சொல்ல முடியாது" என்றவள், காய்ச்சல் இருக்கிறதா, வாயிலோ கண்ணிலோ புண் உண்டா, தோல் உரிகிறதா, மூட்டு வலிக்கிறதா, மூச்சு வாங்குகிறதா என்று வரிசையாகக் கேட்டாள். எதுவும் இல்லை. டி செல்களால் வரும் சாதாரணத் தடிப்பாக இருக்கலாம் என்று சொல்லி, அன்றே மருத்துவரிடம் அழைத்துப் போனாள். மருத்துவரும் அதையே உறுதிசெய்து மருந்தை மாற்றினார். சில நாட்களில் தடிப்பு மறைந்தது.

இத்தகைய நேரத்தில்தான் வாழ்நாள் முழுக்கத் தொடரும் ஒரு முத்திரை குத்தப்படுகிறது: 'பென்சிலின் அலர்ஜி'. அமெரிக்காவில் ஏறத்தாழ பத்தில் ஒருவரின் மருத்துவக் குறிப்பில் இந்த முத்திரை இருக்கிறது. முறையாகச் சோதித்தால் அவர்களில் 90 சதவீதத்துக்கும் மேற்பட்டோர் பென்சிலினைத் தாங்குகிறார்கள். ஐஜிஇ வகை ஒவ்வாமை உண்மையிலேயே இருந்தவர்களிலும் 80 சதவீதம் பேருக்குப் பத்தாண்டுகளில் அது மறைந்துவிடுகிறது. வெறும் முத்திரையால் எளிய, நல்ல மருந்து கைநழுவி, வலிய மருந்துகளை நாட வேண்டியதாகிறது. அதே சமயம், தோல் உரிந்து கொப்புளித்தவருக்கு எத்தனை ஆண்டு கழித்தும் அந்த மருந்தைத் தரக்கூடாது. இருவரையும் பிரித்தறிய 'அலர்ஜி' என்ற ஒரு சொல் போதாது. மருந்து கொடுத்த எத்தனையாவது நிமிடம், எத்தனையாவது நாள், என்ன வந்தது என்பது வேண்டும்.

மருத்துவமனையிலிருந்து திரும்பிய மாலை, அம்மாவின் மருந்துச் சீட்டுகள் வைத்திருக்கும் பையை அக்கா மகள் எடுத்து வந்தாள். ஒரு அட்டையில் மருந்தின் பெயர், தேதி எழுதினாள். அதன் கீழே: "எட்டாம் நாள். முதுகு, வயிற்றில் தடிப்பு. காய்ச்சல் இல்லை. வாய்ப்புண் இல்லை. மூச்சுத் திணறல் இல்லை." இரண்டு முறை படித்துப் பார்த்துவிட்டு, 'எட்டாம் நாள்' என்பதன் அடியில் கோடு போட்டு, அட்டையை மற்றச் சீட்டுகளுக்கு மேலாக வைத்தாள்.